படகில் இன்னும் இடம் இருந்தது

 

இந்தச் செய்தியின் தலைப்பைப் பார்த்ததும் இது நோவாவின் பேழையைப் பற்றியது என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. இது "டைட்டானிக்" என்ற திரைப்படத்தைப் பற்றியது. "என்ன பாஸ்டர், சபைப் பத்திரிகையில சினிமாவா?" என்று மூத்த விசுவாசிகள் சிலர் முகம் சுளிப்பீர்கள். கொஞ்சம் பொறுமையாய்க் கடைசி வரை வாசியுங்கள். அப்போஸ்தலனாகிய பவுல் அத்தேனே பட்டணத்திற்குப் போனபோது, அந்த ஜனங்கள் எதை வணங்குகிறார்கள் என்று சுற்றிப் பார்த்தார். அவர்களுடைய பலிபீடம் ஒன்றைக் காட்டியே பேசத் தொடங்கினார். அவர்களுடைய புலவர்கள் சொன்னதையும் எடுத்துச் சொன்னார் (அப். 17). ஜனங்கள் எதைப் பார்த்து அழுகிறார்கள் என்று தெரியாத ஊழியக்காரன், கண்ணீரைத் துடைக்கிற தேவனைப் பற்றி அவர்களிடம் எப்படிப் பேசுவான்?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தில் தேவபிள்ளைகள் பார்க்கத் தகாத காட்சிகள் உண்டு. அவற்றை நான் நியாயப்படுத்தவில்லை. பார்க்காதவர்கள் போய்ப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. ஆனால் நம் வீடுகளில் அநேகர் அதை ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். சிலர் பல தடவை பார்த்துவிட்டார்கள். ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள்? அதுதான் என் கேள்வி.

ஏன் இன்னும் ஓடுகிறது?

ஜேம்ஸ் கேமரூன் என்ற இயக்குநர் எடுத்த இந்தப் படம் 1997 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியானது. செலவு ஏறக்குறைய 20 கோடி டாலர். அந்நாளில் அவ்வளவு பணம் போட்டு யாரும் படம் எடுத்ததில்லை. முதலில் சொன்ன தேதியில் வெளியிட முடியாமல் மாதக்கணக்கில் தள்ளிப்போனது. "போட்ட பணம் கடலோடு போச்சு" என்றுதான் பலரும் பேசினார்கள். நடந்தது என்ன? அமெரிக்காவில் தொடர்ந்து 15 வாரம் வசூலில் முதலிடம்! உலக அளவில் 100 கோடி டாலரைத் தாண்டிய முதல் படம்! 1998-ல் 11 ஆஸ்கர் விருதுகள்! கப்பல் மூழ்கி நூறு வருஷம் ஆன 2012-ல் மறுபடி தியேட்டருக்கு வந்தது. 2023-ல் மறுபடியும் வந்தது. படம் வந்த பிறகு பிறந்த பிள்ளைகள் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் அழுதுவிட்டு வந்தார்கள்.

கப்பல் படம் என்பதாலா? அந்தக் கப்பலைப் பற்றி அதற்கு முன்னாலும் படங்கள் வந்திருக்கின்றன. கப்பல் மூழ்கிய அடுத்த மாதமே, 1912 மே மாதத்தில், அதிலிருந்து தப்பி வந்த ஒரு நடிகையையே வைத்து ஒரு படம் எடுத்து வெளியிட்டுவிட்டார்கள். 1953-லும் 1958-லும் பெரிய படங்கள் வந்தன. இந்த ஒன்று மட்டும் ஏன் இப்படி நெஞ்சில் ஒட்டிக்கொண்டது? "காதல் படம், அதனாலதான்" என்று லேசாய்ச் சொல்லிவிடுகிறோம். உலகத்தில் காதல் படத்துக்கா பஞ்சம்? சிந்தித்துப் பாருங்கள்!

1. முடிவு தெரிந்த கதை

இந்தப் படத்தைப் பார்க்கப் போகிற ஒவ்வொருவருக்கும் முடிவு முன்பே தெரியும். கப்பல் மூழ்கும். படத்தின் ஆரம்பத்திலேயே ஓர் ஆள் கம்ப்யூட்டரில் படம் போட்டு, எந்த இடத்தில் மோதியது, எப்படித் தண்ணீர் ஏறியது, எப்படி இரண்டாய் உடைந்தது என்று விளக்கிவிடுகிறான். கேட்டுக்கொண்டிருக்கிற கிழவி ரோஸ் என்ன சொல்கிறாள் தெரியுமா? உங்கள் விளக்கத்துக்கு நன்றி, ஆனால் அதற்குள் இருந்து அனுபவித்தது கொஞ்சம் வேறே மாதிரி இருந்தது என்கிற கருத்தில் பதில் சொல்கிறாள்.

தெரிந்திருப்பது ஒன்று, அனுபவிப்பது ஒன்று! எல்லாரும் ஒரு நாள் சாவோம் என்பது நமக்கும் தெரியும். சாவு வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது பேசிக்கொள்கிறோம். வீட்டு வாசலில் கால் கழுவும்போதே மறந்துவிடுகிறோம்.

1912 ஏப்ரல் 14 இரவு 11.40 மணிக்கு அந்தக் கப்பல் பனிப்பாறையில் உரசியது. 15-ஆம் தேதி அதிகாலை 2.20-க்கு மூழ்கியது. இடையில் 2 மணி 40 நிமிஷம். கப்பலில் இருந்தவர்கள் ஏறக்குறைய 2,200 பேர். மரித்தவர்கள் ஏறக்குறைய 1,500 பேர். அந்த 160 நிமிஷத்தில் ஒவ்வொருவரும் உள்ளுக்குள் யாராய் இருந்தார்களோ அது வெளியே வந்துவிட்டது. படம் அதைத்தான் காட்டுகிறது. கப்பலை வடிவமைத்த தாமஸ் ஆண்ட்ரூஸ் கடிகாரத்துக்கு முன்னால் தலைகுனிந்து நிற்கிறார். கப்பல் கம்பெனியின் தலைவர் இஸ்மே ஓசைப்படாமல் ஒரு படகில் ஏறி உட்கார்ந்துகொள்கிறார். வயதான தம்பதி ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி கட்டிலில் படுத்திருக்கிறார்கள், தண்ணீர் கட்டிலுக்கு அடியில் ஓடுகிறது. ஐடா ஸ்ட்ராஸ் என்ற அம்மையார் படகில் இடம் கொடுத்தும், புருஷனை விட்டுப் போகமாட்டேன் என்று இறங்கிவிட்டது நடந்த சம்பவம். பணக்கார மாப்பிள்ளை கால் (அது அவன் பெயர்) யாரோ பெற்ற குழந்தையைத் தூக்கிக்கொண்டு, "இதற்கு என்னை விட்டால் யாருமில்லை" என்று பொய் சொல்லிப் படகில் இடம் பிடிக்கிறான்.

கப்பல் நன்றாய் ஓடிக்கொண்டிருந்தபோது இவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி உடுத்தி ஒரே மாதிரி பேசினார்கள். தண்ணீர் ஏறின பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. படத்தைப் பார்க்கிறவன் இருட்டில் உட்கார்ந்து தன்னைத்தானே கேட்டுக்கொள்கிறான்: "நான் அங்கே இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்?" அந்தக் கேள்விதான் அவனைத் திரும்பவும் கூட்டிக்கொண்டு வருகிறது.

இங்கே பிரசங்கிமாருக்கு ஒரு வார்த்தை. "தேவனாலும் இந்தக் கப்பலை மூழ்கடிக்க முடியாது" என்று கட்டினவர்கள் சவால் விட்டார்கள், ஆகவே தேவன் மூழ்கடித்தார் என்று மேடைகளில் சொல்லப்படுகிறது. படத்தில் அந்த வசனத்தைப் பேசுவது கால் என்ற கற்பனைப் பாத்திரம். கப்பல் மூழ்கியதற்கு மனுஷக் காரணங்களே போதும். பனிப்பாறை எச்சரிக்கைகள் வந்தும் கப்பல் வேகமாய்ப் போனது. படகுகள் இருந்தது 20, அவற்றில் இடம் இருந்தது 1,178 பேருக்கு. இதைத் தேவன்மேல் போடாதிருங்கள். சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று ஆண்டவரே கேட்டு, இல்லை என்றார் (லூக்கா 13:4, 5). அந்தத் தண்ணீரில் தாய்மடியில் இருந்த பிள்ளைகளும் செத்தார்கள். அதை மறந்து பிரசங்கம் பண்ணக்கூடாது.

2. ஆயிரத்தைந்நூறு பேரும் ஒருத்தியும்

1,500 பேர் செத்தார்கள் என்று பேப்பரில் வாசித்தால் "ஐயோ பாவம்" என்போம், பக்கத்தைத் திருப்புவோம். நம் மனசின் அளவு அவ்வளவுதான். அதே சம்பவத்தில் ஒரு பெண்ணுக்குப் பெயர் வைத்து, அவள் முகத்தைக் காட்டினால் கண் கலங்குகிறது. ரோஸும் ஜாக்கும் கற்பனைப் பாத்திரங்கள்தான். ஆனால் அந்த ஒருத்தியின் கண் வழியாய் நாம் 1,500 பேரையும் பார்த்துவிடுகிறோம். தொண்ணூற்றொன்பதை விட்டு ஒன்றைத் தேடிப்போன மேய்ப்பனின் கணக்கு (லூக்கா 15) இதுதான் அல்லவா?

அந்த ரோஸ் யார்? 17 வயசுப் பெண். தகப்பன் கடன் வைத்துவிட்டு இறந்துவிட்டார். வீட்டு மானத்தைக் காப்பாற்ற, பணக்காரன் ஒருவனுக்கு அவளைக் கட்டிவைக்கத் தாயார் முடிவு பண்ணிவிட்டார். கழுத்தில் வைரம், உடம்பில் பட்டு. ஆனால் கப்பலின் பின்பக்கக் கம்பியைத் தாண்டி நின்று கடலில் குதிக்கப் போகிறாள்! கப்பல் பனிப்பாறையில் மோதுவதற்கு முன்பே அவள் மூழ்கிக்கொண்டிருந்தாள்.

பெற்றோரே, இந்த இடத்தை வேகமாய்க் கடந்து போகாதிருங்கள். வசதியான இடம், நல்ல சம்பளம் என்று நாமும் முடித்துவிடுகிறோம். பிள்ளை சிரித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்கிறாள். அவள் உள்ளத்தில் எந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று கேட்டீர்களா? உட்கார்ந்து கேளுங்கள். கடிந்துகொள்ளாமல் கேளுங்கள்.

வாலிபரே, உங்களுக்கும் ஒன்று. ஜாக்குக்கும் ரோஸுக்கும் ஒரு வாரம்கூட நிறையாத பழக்கம். அவர்களுக்கு வீட்டு வாடகை கட்டுகிற மாதம் வரவே இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ராத்திரி முழுக்க விழித்திருக்கிற நாள் வரவே இல்லை. கோபத்தில் பேசாமல் இருந்த ஒரு வாரமும் இல்லை. அதனால்தான் அந்த அன்பு அவ்வளவு அழகாய்த் தெரிகிறது! உங்களுக்கு ஒரு ஜாக் கிடைக்கவில்லையே என்று ஏங்குகிற தங்கச்சி, முப்பது வருஷமாய் விடியற்காலையில் எழுந்து உங்களுக்காக ஓடுகிற தகப்பனை ஒரு தரம் திரும்பிப் பாருங்கள். அவரைப் பற்றி யாரும் படம் எடுக்கமாட்டார்கள்.

3. அந்தப் பலகையில் இடம் இருந்ததா?

ஒரு வாலிபர் கூட்டத்தில் தம்பி ஒருவன் எழுந்து கேட்டான்: "பாஸ்டர், அந்தப் பலகையில ரெண்டு பேருக்கும் இடம் இருந்துச்சே. ஜாக் ஏன் சாகணும்?" எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உலகமே கால் நூற்றாண்டாய்க் கேட்கிற கேள்வி அது.

கப்பல் மூழ்கின பிறகு உறைகிற தண்ணீரில் ஒரு மரப்பலகை மிதக்கிறது. ஜாக் ரோஸை அதன்மேல் ஏற்றிவிட்டு, தான் தண்ணீரிலேயே கிடந்து குளிரில் செத்துப்போகிறான். "கொஞ்சம் நகர்ந்து படுத்திருந்தா அவனும் பிழைச்சிருப்பானே!" என்று ஜனங்கள் விடாமல் வாதாடினார்கள். கடைசியில் 2023-ல் இயக்குநரே குளிர்ந்த தண்ணீரில் ஆட்களை இறக்கிச் சோதனை பண்ணி, தொலைக்காட்சியில் காட்டினார். சில விதமாய்ச் செய்திருந்தால் அவன் பிழைத்திருக்கக்கூடும் என்று வந்தது. அதோடும் வாதம் ஓயவில்லை. படப்பிடிப்பில் பயன்படுத்தின அந்தப் பலகை 2024 மார்ச்சில் ஏலத்துக்கு வந்தது. எவ்வளவுக்குப் போனது தெரியுமா? 7,18,750 டாலர்! ஒரு மரத்துண்டுக்கு!

ஏன் இந்தப் பலகையை உலகம் விடமாட்டேன் என்கிறது? ஒருத்தருக்குப் பதிலாய் இன்னொருத்தர் சாவதை மனுஷ மனம் அவ்வளவு லேசில் ஏற்றுக்கொள்ளாது. "வேறே வழி இல்லாமலா போச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். நன்றாய்க் கவனித்தால் படத்தில் ஜாக் ஒரு தரம் ஏறிப் பார்க்கிறான். பலகை சாய்கிறது. இடம் இருந்தது, தாங்குகிற பலம் இல்லை. அதற்குமேல் அவன் இன்னொரு தரம் முயலவில்லை. அவளை அசையாமல் இருக்கச் செய்துவிட்டு, தண்ணீரில் கிடந்தபடி அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

இன்னொரு மரம் உண்டு. அந்த மரத்துக்கு அடியிலும் ஜனங்கள் இதையே கேட்டார்கள். மற்றவர்களைக் காப்பாற்றினவர் தம்மைக் காப்பாற்றிக்கொள்ளக்கூடாதா என்று கேலி பண்ணினார்கள் (மாற்கு 15:31). இறங்கி வர அவருக்குப் பலம் இருந்தது! தம் உயிரை யாரும் பறிக்கவில்லை, தாமே கொடுக்கிறேன் என்று முன்னமே சொல்லியிருந்தார் (யோவான் 10:18). ஜாக் தன்னை நேசித்த ஒருத்திக்காகச் செத்தான். நம் ஆண்டவரோ தம்மைப் பகைத்தவர்களுக்காக மரித்தார் (ரோமர் 5:10). ஜாக் அத்லாந்திக் கடலின் அடியில் போனவன் போனவன்தான். நம் ஆண்டவர் மூன்றாம் நாள் எழுந்தார். அல்லேலூயா! நிழலைப் பார்த்தே இவ்வளவு அழுகிற உலகம், நிஜத்தைப் பார்த்தால் என்ன செய்யும்? அதைக் காட்டவேண்டியவர்கள் நாம் அல்லவா?

4. கையை விட்டாள், வாக்கை விடவில்லை

ஜாக் சாகுமுன் ரோஸிடம் ஒரு வாக்கு வாங்குகிறான். இந்த இரவில் சாகக்கூடாது, எது நடந்தாலும் பிழைக்க வேண்டும், விட்டுக்கொடுக்கக்கூடாது என்கிறான். அவளும் சரி என்கிறாள். கொஞ்ச நேரத்தில் படகு ஒன்று தேடி வருகிறது. கூப்பிட அவள் தொண்டையில் சத்தம் இல்லை. படகு கடந்துபோகிறது. பக்கத்தில் மிதக்கிற ஓர் அதிகாரியின் சவத்தின் வாயில் விசில் இருக்கிறது. அதை எடுக்க வேண்டுமானால் தண்ணீரில் இறங்க வேண்டும். இறங்க வேண்டுமானால் ஜாக்கின் உறைந்த கையை விட வேண்டும். விடவே மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே கையை விடுகிறாள். அவன் கீழே போகிறான். அவள் நீந்திப்போய் விசிலை எடுத்து ஊதுகிறாள்!

செத்த கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே கிடந்திருந்தால் வாக்கு என்ன ஆகியிருக்கும்? துக்கத்தில் இருக்கிற சகோதரியே, சகோதரனே, உங்கள் புருஷனோ பெற்ற பிள்ளையோ போனபின் எல்லாம் முடிந்துபோச்சு என்று உட்கார்ந்துவிட்டீர்களா? அழுங்கள், ஆண்டவரும் லாசருவின் கல்லறையில் அழுதார். ஆனால் போனவருக்கு நாம் காட்டுகிற விசுவாசம் அவரோடு சேர்ந்து உறைந்துபோவது அல்ல. உங்கள் தொண்டையில் சத்தம் இல்லாமல் இருக்கலாம். எட்டுகிற தூரத்தில் ஒரு விசில் இருக்கும். ஊதுங்கள்! படகு திரும்பும்.

படத்தின் கடைசியில் 84 வருஷம் கழித்து, கிழவி ரோஸ் கட்டிலில் படுத்திருக்கிறாள். பக்கத்தில் வரிசையாய்ப் புகைப்படங்கள். ஓர் ஆகாய விமானத்துக்குப் பக்கத்தில் நிற்கிறாள். கடற்கரையில் ஆண்பிள்ளைபோல் இருபுறமும் கால் போட்டுக் குதிரை ஏறியிருக்கிறாள். எல்லாம் அவனோடு பேசினபோது ஆசைப்பட்டது. கல்யாணம் பண்ணினாள், பிள்ளை பெற்றாள், பேத்தியைக் கண்டாள். எனக்கு இந்தப் படத்திலேயே மிகவும் பிடித்த காட்சி இதுதான். முத்தக் காட்சியை ஜனங்கள் பேசுகிறார்கள், இந்தப் போட்டோக்களைப் பேசுவதில்லை. ஒருவன் உயிரைக் கொடுத்து வாங்கித் தந்த வாழ்க்கையை அவள் வீணாக்கவில்லை. அதற்கு அத்தாட்சி அந்தப் படங்கள்.

உங்களுக்காகவும் ஒருவர் உயிரைக் கொடுத்திருக்கிறார். உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் என்ன படங்கள் இருக்கும்? பிழைத்திருக்கிறவர்கள் தங்களுக்கென்று பிழைத்திராமல் அவருக்கென்று பிழைக்கவேண்டும் என்று பவுல் எழுதினது (2 கொரி. 5:15) இதைத்தானே?

5. திரும்பி வராத படகுகள்

இப்போது தலைப்புக்கு வருகிறேன். 1,178 பேருக்கு இடம் இருந்த படகுகளில் ஏறித் தப்பினவர்கள் ஏறக்குறைய 710 பேர்தான். அப்படியானால் 450-க்கும் மேற்பட்ட இடங்கள் காலி! முதலில் இறக்கின படகில் 65 பேர் போகலாம், போனது ஏறக்குறைய 28 பேர். இன்னொரு படகில் 40 பேர் போகலாம், போனது 12 பேர்.

ஏன் காலி? ஆரம்பத்தில் யாரும் ஏற மனசில்லாமல் இருந்தார்கள். பெரிய கப்பலில் விளக்கு எரிகிறது, உள்ளே கதகதப்பாய் இருக்கிறது, வாத்தியக்காரர் வாசிக்கிறார்கள். அதை விட்டுவிட்டு இருட்டில் ஆடுகிற சின்னப் படகில் ஏறுவானேன்? நம் அழைப்பைக் கேட்டு ஜனங்கள் சிரிப்பதும் இதனால்தான்.

மூன்றாம் வகுப்பு ஏழைகளோ மேல்தளத்துக்கு வரும் வழி தெரியாமல் கீழேயே அலைந்தார்கள். பூட்டின கம்பிக் கதவுக்குப் பின்னால் அவர்கள் நின்று கத்துவதைப் படம் காட்டுகிறது. படக் காட்சியை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். முதல் வகுப்பில் நூற்றுக்கு அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் தப்பினார்கள், மூன்றாம் வகுப்பில் நூற்றுக்கு இருபத்தைந்து பேர்தான். பிரிட்டிஷ் விசாரணையின் கணக்குப்படி மூன்றாம் வகுப்பில் இருந்த 79 பிள்ளைகளில் 52 பேர் மடிந்தார்கள். ஆராதனைக்கு வருகிறவர்களில் மோதிரம் போட்டவனுக்கு நாற்காலியும் அழுக்கு உடுப்புக்காரனுக்குத் தரையும் காட்டாதீர்கள் என்று யாக்கோபு (2:2, 3) எழுதினது சின்ன விஷயம் அல்ல. எந்த வகுப்பு என்பது உயிர் போகிற விஷயமாகிவிடுகிறது!

கப்பல் மூழ்கின பிறகு நடந்தது இன்னும் கொடுமை. நூற்றுக்கணக்கானவர்கள் தண்ணீரில் கிடந்து கதறுகிறார்கள். எட்டுகிற தூரத்தில் பாதி காலியான படகுகள். திரும்பிப் போகலாமா? "போனா எல்லாரும் ஏறிப் படகைக் கவிழ்த்துடுவாங்க" என்று பயந்தார்கள். பொய்யான பயம் அல்ல, உண்மையான பயம்தான். ஆனால் அந்தக் கதறல் கொஞ்சம் கொஞ்சமாய் ஓய்கிறவரை காதில் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஹரால்ட் லோ என்ற அதிகாரி தன் படகில் இருந்தவர்களை மற்ற படகுகளுக்கு மாற்றிவிட்டுத் திரும்பிப் போனார். போய்ச் சேர்வதற்குள் கதறல் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. ரொம்ப நேரம் காத்திருந்துவிட்டோம் என்று படத்தில் அவர் மனம் கசந்து சொல்கிறார்.

அன்று இரவு பக்கத்தில் கலிஃபோர்னியன் என்ற கப்பல் நின்றிருந்தது. அதன் வயர்லெஸ் ஆபரேட்டர் வேலை முடிந்து தூங்கப் போய்விட்டார். ஆகாயத்தில் வெடித்த ராக்கெட்டுகளை அங்கே இருந்தவர்கள் கண்டும் கப்பல் நகரவில்லை. வெகு தூரத்தில் இருந்த கார்பேத்தியா என்ற கப்பலோ, செய்தி கிடைத்ததும் பனிப்பாறைகளுக்கு நடுவே முழு வேகத்தில் ஓடிவந்து, அதிகாலை 4 மணிக்கு வந்து சேர்ந்தது. தப்பினவர்களை ஏற்றிக்கொண்டது அந்தக் கப்பல்தான்.

படம் சொல்லாத ஓர் ஆளைப் பற்றியும் சொல்லவேண்டும். ஜான் ஹார்ப்பர் என்ற ஸ்காட்லாந்து பிரசங்கியார் இரண்டாம் வகுப்பில் பயணம் பண்ணினார். சிக்காகோவில் உள்ள மூடி சபையில் பிரசங்கிக்கப் போய்க்கொண்டிருந்தார். மனைவியை இழந்தவர். கூட ஆறு வயசு மகள். பிள்ளை படகில் ஏறித் தப்பியது. அவர் மரித்தார். வயது 39. கடைசி மூச்சுவரை தண்ணீரில் இருந்தவர்களிடம் ஆண்டவரை விசுவாசிக்கச் சொன்னார் என்று சாட்சியாகச் சொல்லப்பட்டு வருகிறது. படகில் இடம் இல்லாதவரும் மற்றவரைப் படகில் ஏற்றப் பார்த்தார்!

பிரியமானவர்களே, நம் சபையும் ஒரு படகு. நாம் ஏறிவிட்டோம், போர்வையும் போர்த்துக்கொண்டோம், பாட்டும் பாடுகிறோம். ஸ்தோத்திரம்! பக்கத்தில் காலி இடம் இருக்கிறதா இல்லையா? குடித்துச் சீரழிந்த அண்ணன் வந்தால் சபையின் பேர் கெடும் என்கிறோம். புருஷன் விட்டுப்போன அக்கா வந்தால் நாலு பேர் பேசுவார்கள் என்கிறோம். "படகு கவிழ்ந்துடும்" என்று சொல்வதும் இதுவும் ஒன்றுதான். கதறல் ஓய்ந்த பிறகு கிடைக்கிற அமைதியைச் சமாதானம் என்று நினைத்துவிடாதிருங்கள்.

6. கடைசிப் படிக்கட்டு

கப்பலின் பின்பக்கம் செங்குத்தாய் எழும்பும்போது, ஒரு பாதிரியார் கம்பியைப் பிடித்துக்கொண்டு, புதிய வானத்தையும் புதிய பூமியையும் கண்ணீரைத் துடைக்கிற தேவனையும் பற்றிய வெளிப்படுத்தல் 21-ஆம் அதிகாரத்தை ஜனங்களுக்குச் சொல்கிறார். வாலஸ் ஹார்ட்லியும் அவரோடு இருந்த வாத்தியக்காரரும், யாக்கோபு பெத்தேலில் கண்ட சொப்பனத்தை வைத்து எழுதப்பட்ட பழைய ஞானப்பாட்டை வாசிக்கிறார்கள். கடைசியாய் வாசித்தது எது என்பதில் தப்பினவர்கள் சொன்னது ஒத்துப்போகவில்லை. ஆனால் கப்பலின் வாத்தியக்காரர் எட்டுப் பேரும் தப்பவில்லை என்பது நிச்சயம். கோடிக்கணக்கில் பணம் போட்டவர்களுக்கும், சாவின் தருணம் வந்தபோது வேதமும் ஞானப்பாட்டும் தேவைப்பட்டன பார்த்தீர்களா?

அதோடு முடியவில்லை. கடைசிக் காட்சியில் ரோஸ் கண் மூடுகிறாள். கடலின் அடியில் துருப்பிடித்த கப்பல் மறுபடி புதிதாகிறது. பெரிய படிக்கட்டு. கடிகாரத்தில் மணி 2.20. அந்தக் கப்பலில் செத்தவர்கள் நின்று வரவேற்கிறார்கள். முதல் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள், பூட்டின கதவு இல்லை. அது சொப்பனமா, மரணமா என்று படம் சொல்லவில்லை. ஆனால் பரலோகம் மாதிரி ஒன்றைக் காட்டாமல் அந்தப் படத்தால் முடிக்க முடியவில்லை! பார்க்கிறவர்கள் அங்கேதான் உடைந்து அழுகிறார்கள். செத்தவர்களைத் திரும்பப் பார்க்கவேண்டும், பிரிவு முடிய வேண்டும், வகுப்பு ஒழிய வேண்டும் என்கிற ஏக்கம் எல்லார் நெஞ்சிலும் இருக்கிறது. நித்தியத்தை மனுஷன் உள்ளத்தில் வைத்தவர் தேவனே (பிரசங்கி 3:11). இந்தப் படம் ஓய்ந்துபோகாததின் ரகசியம் இங்கேதான் இருக்கிறது என்பேன்.

ஆனால் அந்தப் படிக்கட்டின் மேலே நிற்கிறவன் ஜாக். அவன் கை பிடிக்கலாம், கண்ணீரைத் துடைக்க முடியாது. விளக்குப் போட்டதும் சீட்டை விட்டு எழுந்து வீட்டுக்குத்தான் போகவேண்டும். ஏக்கத்தைக் கிளறிவிடத் திரைக்குத் தெரியும், தீர்க்கத் தெரியாது. ஆகவே பசி எடுத்தவன் மறுபடியும் வருகிறான்.

நிஜக் கப்பல் ஏறக்குறைய 3,800 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. 1985-ல் கண்டுபிடித்தார்கள். அதைப் பார்க்கப் போன சின்ன நீர்மூழ்கி ஒன்று 2023 ஜூனில் நசுங்கி, அதில் இருந்த ஐந்து பேரும் மாண்டார்கள். அந்த இரும்பையும் பாக்டீரியா தின்றுகொண்டிருக்கிறது. பூச்சியும் துருவும் கெடுக்கிற இடத்தில் பொக்கிஷம் சேர்க்காதீர்கள் என்ற ஆண்டவர் (மத்தேயு 6:19) கப்பல்களையும் அறிந்திருந்தார்.

அடுத்த தடவை உங்கள் வீட்டில் பிள்ளைகள் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்தால் திட்டாதிருங்கள். பக்கத்தில் உட்காருங்கள். "எந்த இடத்துல அழுதே?" என்று கேளுங்கள். அந்த இடத்திலிருந்தே சிலுவைக்கு வழி உண்டு. இந்த வாரத்திலேயே, நாம் கடந்துவந்துவிட்ட ஒருவருடைய பெயரைச் சொல்லி ஜெபித்து, அவர் வீட்டுக்குத் திரும்பிப் போங்கள். சத்தம் ஓயுமுன் போங்கள்.

ஜெபம்: அன்பின் பரலோக பிதாவே, எங்களைத் தண்ணீரிலிருந்து தூக்கி எடுத்ததற்காக ஸ்தோத்திரம். எங்கள் பக்கத்தில் இருக்கிற காலி இடத்தைப் பார்க்கும்படி எங்கள் கண்களைத் திறந்தருளும். கவிழ்ந்துபோவோம் என்கிற பயத்தை எடுத்துப்போடும். உயிரைக் கொடுத்து வாங்கின இந்த வாழ்க்கையை நாங்கள் வீணாக்காதபடி காத்தருளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.

கர்த்தர் தாமே உங்கள் ஒவ்வொருவரையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக!